ஆலி பிரிகின்ஷா: கணக்கை 2018-இல் இருந்தா தொடங்குவது?

தென்கரை (பிரிஸ்பேன்)

பெண்கள் ரக்பி லீக் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2025 அக்டோபர் 5, சிட்னி. ஆஸ்திரேலியாவின் முதன்மையான பெண்கள் ரக்பி லீக் தொடரான பெண்கள் என்ஆர்எல்லின் இறுதிப்போட்டியில் பிரிஸ்பேன் பிராங்கோஸ் 22-18 என்று சிட்னி ரூஸ்டர்ஸை வென்றது. பிராங்கோஸ் கேப்டனும் ஹாஃப்பேக்குமான ஆலி பிரிகின்ஷாவுக்கு அப்போது வயது 35. அவருக்கு இது நான்காவது கோப்பை: 2018, 2019, 2020, பிறகு 2025. 2020-இல் ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான டாலி எம் பதக்கமும் அவருக்கே.

இவ்வளவும் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. பெண்கள் என்ஆர்எல் தொடரே 2018-இல்தான் பிறந்தது. அப்போது ஆலிக்கு 28 வயது. குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அவர் முதன்முதலில் ஆடியது 2009-இல். ஒருவருடைய வேகமும் உடம்பும் உச்சத்தில் இருக்கிற வயதெல்லாம் அந்த இடைப்பட்ட ஒன்பது வருடத்துக்குள் போய்விட்டது. இன்றைக்கு யார் அதிக ஆட்டம் ஆடினார், யார் அதிக டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது) போட்டார் என்று பட்டியல் போடுகிறவர்கள் 2018-இல் இருந்து ஆரம்பிக்கிறார்கள். அந்த ஒன்பது வருடத்துக்கு அங்கே இடமே இல்லை.

ஊர் இப்ஸ்விச். பிரிஸ்பேனுக்கு மேற்கே, ரக்பி லீக்கிலேயே ஊறிய ஊர். பெயர்பெற்ற வீரர்களான ஆலன் லாங்கர், வால்டர்ஸ் சகோதரர்கள் எல்லாம் அந்த மண்தான். ஆலியின் அப்பாவும் ஆடியவர். சின்ன வயதில் பையன்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு 12 வயதோடு கதவு சாத்தப்பட்டது. அதற்கு மேல் பையன்களோடு ஆட விதி இடம் தரவில்லை, பெண் பிள்ளைகளுக்கென்று அணியும் இல்லை. பதின்வயதுப் பெண்களுக்கான டார்ஷா கேல் கோப்பை நியூ சவுத் வேல்ஸில் 2017-இல்தான் வந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்காக ஆடப் போகிறவர்களே கைக்காசு போட்டுப் போன காலம் அது.

ஊதியம் இல்லாத அந்தக் காலத்தையும் ஊதியம் வந்த காலத்தையும் ஒரே உடம்பால் தாண்டி வந்தவர் அவர். 2013, 2017, 2022 என்று மூன்று உலகக் கோப்பை வெற்றிகளிலும் இருந்திருக்கிறார். இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த வீராங்கனை யார் என்று கேட்டால் நான் யோசிக்காமல் அவர் பெயரைத்தான் சொல்வேன். நீங்கள்?

மூன்றாம் நடுவர்

நல்ல பதிவு. ஆனால் மரியாதை வேறு, ஆட்டத்தின் தரம் வேறு. என் ஓட்டு ஃபுல்பேக் டமிகா அப்டனுக்கு.

காரணம் சொல்கிறேன். 2021 சீசன், அதாவது கொரோனாவால் தள்ளிப்போய் 2022 தொடக்கத்தில் நடந்தது, அதில் நியூகாசில் நைட்ஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி இடம். அடுத்த சீசனுக்கு பிராங்கோஸில் இருந்து அப்டனும் மில்லி பாய்லும் அங்கே போனார்கள். அதே 2022-இல் நைட்ஸ் 32-12 என்று பாரமட்டா ஈல்ஸை அடித்துக் கோப்பையை வாங்கியது. 2023-லும் நைட்ஸ்தான், 24-18, கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸுக்கு எதிராக. அந்த வருடம் டாலி எம் அப்டனுக்கு. 2025-இல் அவர் பிராங்கோஸுக்குத் திரும்பி வந்தார், ஐந்து வருடமாகக் கிடைக்காத கோப்பை பிராங்கோஸுக்கும் கிடைத்துவிட்டது. போகிற இடமெல்லாம் கோப்பையும் கூடவே போகிறது. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

நீண்ட காலம் ஆடியதால் மட்டும் ஒருவர் சிறந்தவர் ஆகிவிட மாட்டார்.

கபடிக்காரன் (மதுரை)

அண்ணே, ரெண்டு பேருமே மன்னிக்கணும், எனக்கு அடிப்படையே புரியல. ஒலிம்பிக்ல ஏழு பேர் ஆடுற ரக்பி பாத்திருக்கேன். பதினஞ்சு பேர் ஆடுறதும் தெரியும். இந்த லீக் என்ன வேற ஆட்டமா? ஹாஃப்பேக், ஃபுல்பேக்னு சொல்றீங்களே, அவங்க வேலை என்ன? கொஞ்சம் சொன்னா நானும் ஓட்டு போடுவேன்.

தென்கரை (பிரிஸ்பேன்)

தம்பி, கேட்டதே நல்லது. இது தெரியாமல் ஆலியின் அருமை தெரியாது.

லீக்கில் பக்கத்துக்கு 13 பேர். பந்தை வைத்திருக்கிற அணிக்கு ஆறு டேக்கிள்தான் கணக்கு. நீ பந்தோடு ஓடுகிறாய், எதிரிகள் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள்: ஒன்று. நீ எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, பாதத்தால் பின்னால் உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்கிற ஹூக்கர் அதை எடுத்து அடுத்த ஆளுக்குப் போடுவார். எதிரணியில் பிடித்த ஒருவர் இருவரைத் தவிர மற்றவர்கள் பத்து மீட்டர் பின்வாங்கி வரிசையாக நிற்க வேண்டும். இப்படி ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை அழுத்தினால் டிரை, 4 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2.

கபடியில் பாடி வருகிறவனைப் பிடிக்கச் சங்கிலி போட்டு நிற்பார்களே, அதே போல இந்தத் தடுப்பு வரிசையும் ஒரே கோடாக நகர வேண்டும். ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ ஓட்டை.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் ஹாஃப்பேக் வேலை. ஆலி அதிகம் ஆடியது ஹாஃப்பேக், ஃபைவ்-எயிட்த் என்ற இரண்டு இடங்களில். ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதே, அவரைப் பார். பந்து கைக்கு வருவதற்கு முன்பே அவர் தலை இரண்டு மூன்று முறை திரும்பியிருக்கும். எதிர் ஓரத்தில் எத்தனை பேர், ஃபுல்பேக் எந்தப் பக்கம் நிற்கிறார், களைத்துப்போன முன்வரிசை ஆள் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எண்ணிவிடுவார். பந்து வந்ததும் நேரே தடுப்பு வரிசையை நோக்கி நடப்பார், ஓட மாட்டார். எதிராளி தன்மேல் பாய முடிவெடுக்கிற அந்த நொடி வரை பந்தை நெஞ்சருகே வைத்துக்கொண்டு காத்திருந்து, தோளில் அடி விழுகிற நேரத்தில் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவார். டிரை போட்டவர் பெயர்தான் பலகையில் வரும். அடியை வாங்கியது இவர்.

கால் வேகம் குறைந்த பிற்காலத்தில் அவர் லாக் என்கிற 13-ஆம் எண் இடத்துக்கு, மைதானத்தின் நட்டநடுவுக்கு நகர்ந்தார். அங்கே பெரிய உடம்புக்காரர்களை ஆட்டம் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் எளிய இடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. இவர் கடினமான இடத்துக்குப் போனார். எனக்கு இதுவே பெரிய சாட்சி.

ஃபுல்பேக் கடைசிக் காவல். பந்து பின்னால் விழுந்தால் எடுப்பதும், தாக்கும்போது எங்கிருந்தோ வந்து கூடுதல் ஆளாக நுழைவதும் அவர் வேலை. அதில் அப்டனை மிஞ்ச ஆள் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒலிம்பிக்கில் நீ பார்த்தது யூனியன் வகை. 2016 ரியோவில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலிய அணியில் இருந்த எம்மா டொனகாட்டோ, இவானியா பெலிடி இருவரும் பிறகு லீக்கில் கலக்கினார்கள். டொனகாட்டோ 2021 சீசனுக்கான டாலி எம்மை மில்லி பாய்லோடு பகிர்ந்துகொண்டார்.

பரமற்றாக் குடிமகன்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து கனகாலமாச் சிட்னியில பரமற்றாப் பக்கம்தான் இருக்கிறன். எங்கட சனம் கிரிக்கெட்டைத் தவிர வேற ஒண்டையும் பாக்கிறேல்லை எண்டு எனக்கொரு மனக்குறை. இந்த இழையைக் கண்டது சந்தோசம்.

காசுக் கதையையும் கதைக்க வேணும். 2018 இல முதல் தொடர் நடக்கேக்க நாலே நாலு அணி: பிராங்கோஸ், றூஸ்டர்ஸ், சென் ஜோர்ஜ் இலவாறா டிறகன்ஸ், நியூசிலாந்து வொறியர்ஸ். மூண்டு சுற்று, பிறகு இறுதியாட்டம். நாலு கிழமையில எல்லாம் முடிஞ்சுது. அதை வச்சுக்கொண்டு ஆர் வேலையை விடுவினம்? றூஸ்டர்ஸைத் தலைமை தாங்கின றுவான் சிம்ஸ் தீயணைப்புப் படையில வேலை செய்தவ. அவவின்ர சகோதரங்கள் அஷ்ரன், ராரிக், கோர்பின் மூண்டு பேரும் ஆண்கள் என்ஆர்எல் இல சம்பளத்துக்கு விளையாடினவை. ஒரே வீடு, ஒரே விளையாட்டு. அக்காவுக்கு மட்டும் தீயணைப்பு வண்டி.

2023 இலதான் வீராங்கனைகளையும் சேர்த்து முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. அதுவும் சும்மா வரேல்லை. வீரர் சங்கம் மாசக்கணக்கா இழுபறிப்பட்டு, ஊடகங்களோட கதைக்க மாட்டம் எண்டு நிண்டு வாங்கினது. அந்த வருசம் ஒரு கழகத்துக்குச் சம்பள உச்சவரம்பு 9 லட்சம் டொலர், ஆகக் குறைஞ்ச சம்பளம் 30 ஆயிரம். 2027 அளவில உச்சவரம்பு 15 லட்சத்துக்கும், ஆகக் குறைஞ்சது 50 ஆயிரத்துக்கும் கொஞ்சம் மேலாலயும் போகும். பிள்ளைப்பேற்றுக் காலத்துக்கான ஏற்பாடும் அதுக்குள்ள இருக்கு. சிட்னியில வீட்டு வாடகை தெரிஞ்ச ஆக்களுக்கு 30 ஆயிரம் எண்டா என்னவெண்டு விளங்கும். தொழில்முறை விளையாட்டு எண்டு பேர், ஆனா இண்டைக்கும் கனபேர் பகலில வேற வேலை, பின்னேரம் பயிற்சி.

அதால தென்கரை சொல்லுறது எனக்குச் சரி. சம்பளம் இல்லாத ஒன்பது வருசம் ஒருத்தி விடாமல் விளையாடினவ எண்டா அதைப் புள்ளிக் கணக்கில சேர்க்கத்தான் வேணும்.

வெண்ட்வொர்த்வில் அம்மா

வணக்கம். ஆட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாது. என் மகளுக்குப் பத்து வயசு. பள்ளித் தோழிகளோடு சேர்ந்து லீக் ஆடணும்னு பிடிவாதம் பிடிக்கிறா. வீட்டில் மாமியார், "பொம்பளப் புள்ள முட்டியை உடைச்சுக்கிட்டா நாளைக்கு என்ன பண்றது"ன்னு ஒரே பாட்டு. அவங்களை நான் சமாளிச்சுக்குவேன். எனக்கே உள்ளுக்குள்ளே பயம் இருக்கு, அதுதான் பிரச்சினை. தலையில் அடிபடுவதைப் பற்றி நிறைய படிக்கிறேன். விவரம் தெரிஞ்சவங்க நேர்மையா சொல்லுங்க. "எல்லாம் சரியாயிடும்" மாதிரி பதில் வேண்டாம்.

முழங்கால் மருத்துவம்

நான் பிசியோதெரபிஸ்ட், விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிறவன். அக்கா, நேர்மையாகவே சொல்கிறேன்.

முழங்காலில் ஏசிஎல் என்று ஒரு தசைநார். ஓடிக்கொண்டே திடீரென்று திரும்பும்போது, குதித்து இறங்கும்போது அது அறுந்துபோகும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இது கால்பந்து, நெட்பால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அறுந்தால் மீண்டு வர ஒரு வருடம்கூட ஆகலாம். ஆனால் இதைக் கணிசமாகக் குறைக்க வழி இருக்கிறது: ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, பின்தொடையை வலுவாக்குவது என்று முறையான பயிற்சி. சேர்க்கப்போகிற கிளப்பில் இதைத் தவறாமல் செய்கிறார்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கிளப் பாருங்கள்.

தலைக் காயம் உண்மையான ஆபத்து, மறைக்க மாட்டேன். உச்ச மட்டத்தில் சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே கூப்பிட்டு 15 நிமிடம் சோதிக்கிறார்கள். மூளை அதிர்ச்சி உறுதியானால் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆடக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு டேக்கிள் செய்யக் கற்றுத்தர டேக்கிள்சேஃப் என்று தனிப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. தலையை எதிராளியின் உடம்புக்குக் குறுக்கே கொடுக்காமல் பக்கவாட்டில் ஒட்டி வைப்பது, முதலில் கால் கிட்டே போய்விட்டுப் பிறகு தோளைக் கொடுப்பது, இவைதான் பாடம். நான் பார்த்த மோசமான அடிகளில் பல, பிடிக்கப் போனவர் தலையைத் தப்பான பக்கம் வைத்ததால் வந்தவை. ஓடியவர் தப்பித்துவிடுகிறார்.

பத்து வயதுப் பெண் என்றால் முதல் வருடம் லீக் டேக்கில் விடுங்கள். இடுப்பில் ஒட்டியிருக்கிற பட்டையைப் பிடுங்கினால் போதும், மோதல் கிடையாது. பந்து பிடிப்பது, இடம் பார்ப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். பிறகும் ஆசை இருந்தால் டேக்கிள்.

வெண்ட்வொர்த்வில் அம்மா

ரொம்ப நன்றி தம்பி. லீக் டேக் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை கிளப்பில் போய்க் கேட்கிறேன், நீங்கள் சொன்ன அந்தப் பயிற்சி பற்றியும்.

மூன்றாம் நடுவர்

விவாதத்துக்கு வருவோம். 2009 முதல் 2017 வரையான காலத்தில் எதிரணிகள் எப்படி இருந்தன? ஆடுகிறவர்களே குறைவு. நியூ சவுத் வேல்ஸுக்கு எதிரான மாநிலப் போட்டித் தொடரை 1999-இல் இருந்து 2015 வரை குயின்ஸ்லாந்து ஒருமுறைகூட இழக்கவில்லை. ஒரு பக்கமே ஜெயித்துக்கொண்டிருந்தால் அதைப் போட்டி என்று எப்படி எடை போடுவது? அந்த வருடங்களைக் கணக்கில் சேர்த்தால் ஆலியின் எண்ணிக்கை கூடும். எடை கூடுமா? அதுதான் என் கேள்வி.

பரமற்றா அண்ணா சொன்ன ஊதிய அநியாயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தியாகத்துக்குத் தனி மரியாதை உண்டு, அதை ஆட்டத் திறமையோடு கூட்டக்கூடாது.

தென்கரை (பிரிஸ்பேன்)

நியாயமான கேள்வி. உள்ளூரில் குயின்ஸ்லாந்து கை ஓங்கியிருந்தது உண்மை. ஆனால் உலக மட்டத்தைப் பாருங்கள்.

முதல் மூன்று பெண்கள் உலகக் கோப்பைகளையும் (2000, 2003, 2008) வாங்கியது நியூசிலாந்து. 2008 இறுதிப்போட்டி இதே பிரிஸ்பேனில் நடந்தது, ஆஸ்திரேலியா 34-0 என்று தோற்றது. சொந்த மண்ணில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் ஆலி அணிக்குள் வருகிறார். ஆக, அவர் வந்த காலத்தில் எதிரே நின்றது இளப்பமான அணி இல்லை, அதுவரை உலகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி.

2013, லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானம்: ஆஸ்திரேலியா 22-12. 2017, மறுபடி பிரிஸ்பேன்: 23-16. இரண்டுமே மூச்சு முட்டுகிற ஆட்டங்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2022 நவம்பரில் மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த இறுதியில் 54-4. அந்த அணிக்கு மூன்று கூட்டுக் கேப்டன்கள்: ஆலி, கீஸி ஆப்ஸ், சாம் பிரெம்னர். 34-0 தோல்வியில் இருந்து 54-4 வெற்றி வரை. முதலாவது முடிந்த மறுவருடம் உள்ளே வந்து, கடைசி வரைக்கும் அணியில் இருந்தவர் அவர். அடுத்த தலைமுறை ஜெயிக்கக் கற்றுக்கொண்டதே ஆலி போன்றவர்களிடம்தான். அப்டன் நுழைந்தது ஏற்கெனவே ஜெயித்துப் பழகிய அணிக்குள்.

உள்ளூர்ப் பக்கமும் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2016-இல் நியூ சவுத் வேல்ஸ் முதன்முதலாக வென்றது. 2019 வரை தொடர்ந்து நான்கு வருடம் அவர்கள்தான். குயின்ஸ்லாந்து திரும்ப வென்றது 2020-இல், ஆலியின் தலைமையில். 2021-இல் 6-6 என்று நின்ற ஆட்டம், கடைசி நிமிடங்களில் லாரன் பிரவுன் உதைத்த பெனால்டியில் 8-6 என்று முடிந்தது. அன்றும் கேப்டன் இவர்தான். இந்த ஆட்டங்களுக்கு எடை இல்லை என்று சொல்வீர்களா?

இன்னொன்று. கூட்டம் வராததால்தான் ஊதியம் இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. 2018-இல் வடக்கு சிட்னி ஓவலில் இந்த இரண்டு மாநிலங்களும் மோதும் பெண்கள் ஆட்டம் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற பெயரில் முதன்முதலாக நடந்தபோது வந்தவர்கள் ஏழாயிரம்கூட இல்லை. 2024-இல் முதன்முறையாக மூன்று ஆட்டத் தொடர் வைத்தார்கள். பிரிஸ்பேனில் 25 ஆயிரத்துக்கு மேல், நியூகாசிலிலும் 25 ஆயிரத்துக்கு மேல். நியூகாசிலில் குயின்ஸ்லாந்து 11-10 என்று ஒரே புள்ளியில் தப்பித்து, டவுன்ஸ்வில்லில் தொடரையும் எடுத்தது. நல்ல மைதானமும் நல்ல நேரமும் கொடுத்தார்கள், ஜனம் வந்தது. ஆறே வருடம்தான்.

பரமற்றாக் குடிமகன்

மூன்றாம் நடுவருக்கு ஒரு கேள்வி. இறுதியாட்டத்தில சிறந்த ஆட்டக்காரிக்குக் குடுக்கிற பதக்கத்துக்குப் பேர் கேரன் மர்ஃபி பதக்கம். குயின்ஸ்லாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தலைமை தாங்கின கேரன் மர்ஃபி, இந்தத் தொடர் தொடங்க முன்னமே ஓய்வு பெற்றவ. உங்கட பட்டியல்ல அவவுக்கு எத்தினை ஆட்டம்? பூச்சியம். அப்ப பதக்கத்துக்கு அவவின்ர பேரை ஏன் வச்சவை?

மூன்றாம் நடுவர்

இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேரன் மர்ஃபியைச் சேர்க்க முடியாத பட்டியல் அரைகுறைதான், ஏற்கிறேன். 2008 இறுதிப்போட்டி விவரமும் வலுவான வாதம்.

ஆனாலும் ஓட்டை மாற்றவில்லை. ஒரே ஆட்டத்தை வைத்துக் கேட்டால், நாளைக்கு இறுதிப்போட்டி, ஒரு ஆளை மட்டும் முதலில் எடுக்கலாம் என்றால், நான் எடுப்பது அப்டனைத்தான். ஒரு அணியைப் பத்து வருடத்துக்குக் கட்டி எழுப்ப ஆள் வேண்டும் என்றால் ஆலி. இரண்டும் வெவ்வேறு கேள்விகள், தென்கரை கேட்டது இரண்டாவது கேள்வி என்று இப்போது படுகிறது.

யாராவது 1999 தொடங்கி மாநில ஆட்டங்களையும் சர்வதேச ஆட்டங்களையும் பெண்கள் என்ஆர்எல்லோடு சேர்த்து ஒரே பட்டியலாகப் போட்டால் நன்றாக இருக்கும். சர்வதேச ஆட்டங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மாநில ஆட்டங்களைத் தென்கரை எடுத்துக்கொள்வாரா?

கபடிக்காரன் (மதுரை)

நேத்து ராத்திரி 2025 இறுதிப்போட்டி தொகுப்பு பாத்தேன் அண்ணே. நீங்க சொன்ன மாதிரி பந்தை விட்டுட்டு அவங்களையே பாத்தேன். என் ஓட்டு ஆலிக்கு. ஆனா ஒரு சந்தேகம்: ஆறாவது டேக்கிளுக்கு முன்னாடி உதைக்கும்போது சில நேரம் வானத்துக்கு உதைக்கிறாங்க, சில நேரம் தரையோட உருட்டி விடுறாங்களே, அது யார் முடிவு பண்றது?

தென்கரை (பிரிஸ்பேன்)

ஹாஃப்பேக்தான் தம்பி. எதிரணி ஃபுல்பேக்கும் ஓர ஆட்டக்காரர்களும் பின்னால் தள்ளி நின்றால் தரையோடு உருட்டு. முன்னேறி நின்றால் தலைக்கு மேலே தூக்கி உதை. கோட்டருகே இருக்கும்போது நம் பக்கம் உயரமான ஓர ஆள் இருந்தால் அவர் குதித்துப் பிடிக்கிற மாதிரி மூலைக்கு உதைப்பார்கள். முடிவெடுக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி.

மூன்றாம் நடுவரே, மாநில ஆட்டங்கள் என் பொறுப்பு. 1999-இல் இருந்தே ஆரம்பிக்கிறேன்.